முத்து என்னும் சொல்



தூத்துக்குடியை முத்துநகர் என்கிறோம். சென்னைக்குச் செல்லும் இரவு இரயிலும் அப்பெயரையே தாங்கி ஓடுகிறது. நான் ஆசிரியப் பணியில் சேர்ந்த காலத்தில், இம்மாவட்டத்தில் எந்த வகுப்பின் வருகைப் பதிவேட்டைத் திறந்தாலும் முத்துக்களே உதிரும். முத்துக்குமார், முத்துலட்சுமி, மாரிமுத்து, இசக்கிமுத்து, பேச்சிமுத்து, சுடலைமுத்து. கடற்கரைத் தெருக்களிலிருந்து அந்தோணிமுத்து, சவேரிமுத்து. காயல் பக்கத்திலிருந்து முத்து மீரான். கோயில், மாதா கோயில், பள்ளிவாசல் மூன்றுக்கும் இவ்வளவு பொதுவாய் விளங்கிய பெயர் வேறொன்றை நான் அறியேன். இப்பெயர் எங்கிருந்து வந்தது? கடலிலிருந்து என்றுதான் எவரும் விடை கூறுவர். நானும் நெடுநாள் அவ்வாறே கூறிவந்தேன்.

அவ்விடைக்கு வரலாற்றுச் சான்று நிரம்ப உண்டு. கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதப்பெற்ற ‘பெரிப்புளூசு’ என்னும் கிரேக்கக் கடற்பயண நூல், பாண்டியரின் கொற்கையில் முத்துக்குளிப்பு நடந்ததைக் குறிக்கிறது. தண்டனை பெற்ற குற்றவாளிகளைக் கொண்டே அத்தொழில் நடத்தப்பட்டது என்றும் அந்நூல் கூறுகிறது. கழுத்தில் ஒளிரும் ஆரத்தைக் காணும்போது அக்கைதிகளையும் ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். கொற்கை இன்று கடலை விட்டு விலகிச் சில கல் தொலைவில் வயல்களுக்கு நடுவே கிடக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, சுறாமீன்களை மந்திரத்தால் கட்டுவதற்கென்றே ஆட்களை அமர்த்தி, அவர்களுக்கு இருபதில் ஒரு பங்கு கொடுத்தனர் என்று எழுதினார்.

தஞ்சைப் பெருவுடையார் கோயிலுக்கு முதலாம் இராசராசன் அளித்த அணிகலன்களின் பட்டியலைக் கல்வெட்டிற் காணலாம். அதில் முத்துக்கு எத்தனை பெயர்! வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, கறடு, இரட்டை, சப்பத்தி, குளிர்ந்த நீர், சிவந்த நீர் என்று வடிவம் பற்றியும் ஒளி பற்றியும் பிரித்து வைத்துள்ளனர். இவற்றுட் பலவற்றை இன்று நகைக் கடைக்காரரும் அறியார்.

இவற்றையெல்லாம் வகுப்பில் விரித்துரைத்து, ‘முக்தா’ என்னும் வடசொல்லே தமிழில் முத்து ஆயிற்று என்று ஒருநாள் முடித்தேன். எனக்கு அவ்வாறே கற்பிக்கப்பட்டிருந்தது. கரிசற்காட்டுச் சிற்றூர் ஒன்றிலிருந்து வந்த பையன் எழுந்தான். “சார், எங்க ஆச்சி வேப்பமுத்து பொறுக்கப் போவா. புளியமுத்துன்னும் சொல்லுவா. அதுவும் வடமொழியா சார்?” என்று கேட்டான். வகுப்புச் சிரித்தது. நான் சிரிக்கவில்லை, விடை இல்லாமையால் பாடத்தை மாற்றினேன். ஆசிரியன் செய்யத்தகாத செயல் அது.

பிறகுதான் அகராதிகளைப் புரட்டலானேன். ஆமணக்கு விதை கொட்டைமுத்து. பல்லாங்குழியில் இட்டு ஆடும் காயும் முத்து. கடலைக் கண்ணாற் காணாத ஊர்களிலும் ஓட்டுக்குள் விளையும் உருண்டை விதைக்கு அதுவே பெயர். முற்றுதல் என்னும் வினையோடு இச்சொல்லை இணைப்பாரும் உளர். முற்றிய வெண்டைக்காயை நாம் முத்தல் என்றுதானே சொல்கிறோம்? ஆயின் எழுத்து வழக்கில் ‘ற்ற’ வேறு, ‘த்த’ வேறு. ஆதலால் அம்முடிவை நான் அழுத்திச் சொல்லமாட்டேன்.

பரோ, எமனோ என்னும் இரு பேராசிரியர்கள் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியில் முத்து இடம்பெற்றுள்ளது. தெலுங்கில் முத்யமு, கன்னடத்தில் முத்து. பாலி மொழியிலோ முத்தா என்பர். முக்தா சிதைந்து முத்தா ஆகித் தமிழுக்கு வந்திருக்கலாம். தென்னாட்டு முத்து வடக்கே சென்று முத்தா ஆகி, விடுபட்டது என்னும் பொருள் தோன்ற முக்தா எனத் திருத்தப்பட்டும் இருக்கலாம். சரக்கு போகும் வழியே சொல்லும் போவது இயல்பு. சரக்கு இங்கிருந்துதான் போயிற்று. ஆச்சியின் வேப்பமுத்தையும் சேர்த்து எண்ணினால், இரண்டாவது வழியே பொருத்தம் எனக் கருதுகிறேன். இது என் துணிபு, தீர்ப்பன்று.

இனி, அச்சத்தால் வந்த முத்து ஒன்று உண்டு. பெரியம்மை கண்ட வீட்டில் நோயின் பெயரை உரக்கச் சொல்லார். உடலில் எழுந்த கொப்புளங்களை முத்து என்பர். “முத்துப் போட்டிருக்கிறது” என்றால் அண்டை வீட்டார்க்கு விளங்கும். வாசலில் வேப்பிலை தொங்கும். முத்துமாரி என்னும் அம்மன் பெயரை இதனோடு சேர்த்தே மக்கள் விளக்குவர். பிழைத்த குழந்தைக்கும், நேர்ந்து பெற்ற குழந்தைக்கும் மாரிமுத்து என்று பெயரிட்டனர். ஆகவே அப்பதிவேட்டில் இருந்த முத்துக்களுட் சில ஆழ்கடலில் விளைந்தவை அல்ல. ஒரு தாயின் கலக்கத்தில் விளைந்தவை. என் தோளிலும் அம்மை குத்திய தழும்பு உண்டு. உங்கள் தோளில் அது இராது. 1975-க்குப் பின் இந்தியாவில் எவர்க்கும் பெரியம்மை காணவில்லை. 1980-இல் உலகிலேயே அது ஒழிந்ததாக அறிவித்தனர்.

கடல்முத்தும் ஓய்ந்தது. 1955 முதல் 1961 வரை தூத்துக்குடியில் ஆண்டுதோறும் முத்துச் சலாபம் நடந்தது. கல்லைப் பற்றி மூழ்கியவர்கள் சிப்பியை அள்ளி மேலே வந்தனர். அதற்குப் பின் அத்தகைய சலாபம் இக்கரையில் நடைபெறவில்லை. பரோவும் எமனோவும் தம் அகராதியை முதலில் வெளியிட்டதும் அதே 1961-ஆம் ஆண்டுதான். 1973-இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் இவ்வூரில் சிப்பிக்குள் உட்கரு வைத்து வளர்ப்பு முத்தை உண்டாக்கிக் காட்டினர்.

நான் ஓய்வு பெற்ற ஆண்டில் பத்தாம் வகுப்புப் பதிவேட்டை ஒருமுறை மெல்லப் படித்தேன். மாணவர் பெயர்களில் முத்து ஒன்றே ஒன்று இருந்தது. பக்கத்தில் தந்தை பெயர் எழுதும் கட்டத்தில் பதினொன்று இருந்தன.