இலங்கை தந்த ஜாஸ் பாடகி

அமெரிக்க நாட்டின் வடகிழக்குக் கரையோரத்தில் நியூபோர்ட் என்னும் ஊரொன்று உண்டு. செல்வந்தர்கள் கோடைகாலத்தைக் கழிப்பதற்கென்று மாளிகைகள் கட்டிக்கொண்ட ஊர் அது. அவ்வூரிலே 1954ஆம் ஆண்டில் ஜாஸ் இசைவிழா ஒன்று தொடங்கப்பெற்றது. 1963ஆம் ஆண்டு யூலை மாதத்தில் நடைபெற்ற விழாவில் மூவர் சேர்ந்து பாடும் குழுவொன்று மேடையேறிற்று. இருவர் ஆடவர், அமெரிக்கர். மூன்றாமவர் சேலை உடுத்து மேடையேறும் வழக்கமுடைய ஓர் இளம்பெண். அவர் பிறந்த ஊர் கொழும்பு. பெயர் யோலண்ட் பாவன்.

நேயர்களே, பதுளையிலும் பசறையிலும் அப்புத்தளையிலும் இருந்துகொண்டு இப்பேச்சைக் கேட்கும் உங்களுள் சிலர், “மேல்நாட்டுச் சங்கீதம் பாடிய கொழும்புப் பெண்ணின் வரலாறு தேயிலை மலையிலே வாழும் நமக்கு எதற்கு?” என்று வினவக்கூடும். நியாயமான வினாவே. அதற்கு விடை கூறுவதற்கு, ஜாஸ் என்னும் இசை எவர் தொண்டையிலிருந்து பிறந்தது என்பதை முதலிற் பார்த்தல் வேண்டும்.

ஆபிரிக்காவிலிருந்து விலங்கிட்டுக் கொண்டுவரப்பட்ட மக்கள் அமெரிக்காவின் தென்மாநிலங்களிலே பருத்தித் தோட்டங்களிலும் கரும்புத் தோட்டங்களிலும் அடிமைகளாய் உழைத்தனர். ஒருவர் முன்பாட்டு எடுக்க, மற்றையோர் பின்பாட்டுப் பாட, அந்தத் தாளத்துக்கு மண்வெட்டி எழுந்து தாழ்ந்தது. அடிமைமுறை 1865ஆம் ஆண்டில் ஒழிந்த பின்னரும் வறுமை ஒழியவில்லை, பாட்டும் ஒழியவில்லை. வயலிற் பிறந்த அந்தக் கூவலும், தேவாலயத்திற் பாடிய பக்திப்பாட்டும், புளூஸ் என்னும் துயரப்பாட்டும், இராணுவ வாத்தியங்களான எக்காளம் முதலியவற்றோடு நியூ ஓர்லியன்ஸ் நகரிலே கலந்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அக்கலப்பிலிருந்து உருவானதே ஜாஸ்.

ஊவாவின் பழைய தோட்டங்களை அறிந்தோர்க்கு இந்த வரலாறு முற்றிலும் புதியதன்று. முன்பாட்டும் பின்பாட்டுமாய்க் கும்மியடித்தவர்கள் நம் மூதாட்டியர். ஆயினும் இரண்டையும் ஒன்றென்று சொல்லிவிடுதல் பிழை. நம் முன்னோர் சட்டப்படி அடிமைகளல்லர். கங்காணியிடம் பட்ட கடனும், அக்கடனைத் தோட்டத்துக்குத் தோட்டம் மாற்றிய ‘துண்டு’ முறையுமே அவர்களைக் கட்டிவைத்தன. அத்துண்டு முறை 1921ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. இன்னொரு வேறுபாடும் சிந்திக்கத்தக்கது. அமெரிக்காவின் தென் கரொலைனாவில், 1739ஆம் ஆண்டில் அடிமைகள் முரசறைந்து கிளர்ந்தெழுந்ததை அடுத்து, முரசு கொட்டுவது சட்டத்தினால் தடுக்கப்பட்டது. நம் மலைகளிலோ தப்பு தடுக்கப்படவில்லை. விடியுமுன் லயங்களை எழுப்பிப் பெரட்டுக் களத்துக்கு அழைப்பதற்கு அதே தப்பே பயன்பட்டது. அங்கே முதலாளி பறைக்கு அஞ்சினான். இங்கே அதனை வேலைக்கு வைத்துக்கொண்டான்.

இனி யோலண்ட் பாவனுக்கு வருவோம். கொழும்பில் வானொலி ஒலிபரப்பு 1925ஆம் ஆண்டு டிசம்பரில் தொடங்கியது. 1949ஆம் ஆண்டில் இலங்கை வானொலி என்னும் பெயரில் வளர்ந்து, மறு ஆண்டில் வர்த்தக ஒலிபரப்பையும் ஆரம்பித்தது. தமிழ் நேயர்களுக்கு அக்காலம் எஸ். பி. மயில்வாகனம் அவர்களின் குரலால் நினைவிருக்கும். அதே நிலையத்தின் ஆங்கிலப் பிரிவிலேதான் பாவன் இளவயதிற் பாடத் தொடங்கினார். பின்னர் அவுஸ்திரேலியாவுக்குச் சென்று கிரேம் பெல் குழுவினரோடு பாடினார். அங்கிருந்து இலண்டனுக்குச் சென்றார்.

அமெரிக்காவிலே டேவ் லாம்பேர்ட், ஜோன் ஹென்ட்ரிக்ஸ், ஆனி ரோஸ் என்னும் மூவர் அப்போது பெரும்புகழ் பெற்றிருந்தனர். அவர்கள் கையாண்ட முறை விந்தையானது. வாத்தியக்காரர் ஒருவர் கற்பனையாய் வாசித்து இசைத்தட்டிற் பதிந்ததை, ஒரு சுரமும் பிசகாமல் மனத்திற் கொண்டு, அதன் ஒவ்வோர் அசைவுக்கும் சொல் அமைத்துப் பாடுவார்கள். திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளையவர்கள் நாதசுரத்திலே வாசித்த தோடி ஆலாபனையை எடுத்து, அதன் பிருகா ஒவ்வொன்றுக்கும் தமிழ்ச்சொல் பொருத்தி, அதே வேகத்திற் பாடுவதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அப்போது அதன் அருமை விளங்கும். 1957ஆம் ஆண்டில் இம்மூவரும் தங்கள் குரல்களையே ஒலிநாடாவில் மீண்டும் மீண்டும் ஒன்றின்மேல் ஒன்றாகப் பதிந்து, கவுண்ட் பேசியின் முழு வாத்தியக் குழுவையும் மூன்று தொண்டைகளால் ஒலிக்கச் செய்தனர்.

1962ஆம் ஆண்டில் ஆனி ரோஸ் உடல்நலங் குன்றி விலகினார். அவரது இடத்துக்குத்தான் கொழும்புப் பெண் அழைக்கப்பட்டார். அவ்விடம் இலேசானதன்று. எக்காளம் உச்சத்தில் ஒலிக்கும் பகுதிகளெல்லாம் பெண்குரலுக்கே உரியவை, பாடல்களோ பல, கற்பதற்குக் கிடைத்த காலமோ குறுகியது. ரசிகர்களின் செவியில் முன்னவரின் குரல் உறைந்திருந்தது. இந்நிலையில் அவர் அவ்விடத்தை ஏற்றுச் சுமார் இரண்டாண்டுகள் நிறைவாகப் பாடினார் என்பதே அவரது வரலாற்றின் நடுநாயகமான செய்தி என்று நான் கருதுகிறேன்.

அக்காலத்தில் ஆர். சி. ஏ. நிறுவனம் மூன்று நீண்ட இசைத்தட்டுகளை வெளியிட்டது. முதலாவது, நியூயோர்க்கில் உள்ள பேசின் ஸ்ட்ரீட் ஈஸ்ட் விடுதியிற் பதியப்பட்டது. இரண்டாவது, நியூபோர்ட் விழாத் தட்டு. மூன்றாவது, அதே நியூயோர்க்கின் வில்லேஜ் கேட் விடுதியில் 1963ஆம் ஆண்டு டிசம்பரிற் பாடியது. மூன்றுமே அவையோர் முன்னிலையிற் பதியப்பட்டவை. அறைக்குள் அமர்ந்து, பிழைத்தால் மறுமுறை பாடிப் பதியும் வசதி அவற்றில் இல்லை. மூன்றனுள்ளும் நியூபோர்ட் தட்டையே நான் உயர்வாக மதிப்பேன். கிளார்க் டெரியின் எக்காளமும், முதுபெருங் கலைஞர் கோல்மன் ஹோக்கின்ஸின் சாக்சபோனும் அதிற் சேர்ந்து ஒலிக்கின்றன.

அத்தட்டிலுள்ள பாட்டுகளுள் ஒன்று ‘வாட்டர்மெலன் மேன்’, அதாவது தர்ப்பூசணிக்காரன். ஹேர்பி ஹான்கொக் என்னும் பியானோ வித்துவான், சிக்காகோ நகரத் தெருவிலே தர்ப்பூசணி வண்டி வந்த சிறுபராய நினைவைக்கொண்டு 1962ஆம் ஆண்டில் அமைத்த மெட்டு அது. ஹென்ட்ரிக்ஸ் அதற்குச் சொல் தந்தார். அதே தட்டிலுள்ள ‘யே யே’ என்னும் பாட்டை இங்கிலாந்திலே ஜோர்ஜி ஃபேம் என்பவர் எடுத்துப் பாட, 1965ஆம் ஆண்டு தொடக்கத்தில் அது அந்நாட்டு விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றது. மூவர் குழு பாடியபோது கிட்டாத பெருவிற்பனை வேறொருவர்க்குக் கிட்டியது. இசையுலகில் இவ்வாறு நிகழ்வது புதிதன்று.

விந்தையாக, அதே 1963ஆம் ஆண்டில் ஜாஸ் உலகின் சக்கரவர்த்தி எனத்தக்க டியூக் எலிங்டன் தம் குழுவினரோடு, அமெரிக்க அரசின் சார்பில், இலங்கைக்கு வந்து வாசித்தார். அமெரிக்க இசை இங்கே வந்த ஆண்டில், இலங்கைக் குரல் அங்கே அவ்விசையைப் பாடிக்கொண்டிருந்தது.

1964ஆம் ஆண்டில் மூவர் குழு கலைந்தது. லாம்பேர்ட் 1966ஆம் ஆண்டில் வீதி விபத்தில் இறந்தார். ஹென்ட்ரிக்ஸ் 2017ஆம் ஆண்டுவரை வாழ்ந்தார். பாவன் 1969ஆம் ஆண்டில் பீட்டர் ஐவர்ஸ் என்பவரின் தட்டொன்றிற் பாடினார். 1972ஆம் ஆண்டில் வெளிவந்த வெதர் ரிப்போர்ட் குழுவின் தட்டில், போரில் மாண்ட பெயரறியாத வீரனைப் பற்றிய இசையமைப்பிலே, அவரது குரலும் ஒரு வாத்தியம் போலவே ஒலிக்கிறது. நாடக மேடையிலும் திரைப்படத்திலும் நடித்தார்.

கறுப்பின உழைப்பாளர் வயலிற் பாடியது உலகத்தின் சொத்தாகி, கொழும்பில் இருந்த ஒரு பெண்ணின் நாவிலும் ஏறியதற்குக் காரணம் என்ன? அப்பாட்டின் வலிமை ஒரு காரணம். அதனைப் பதிந்துவைத்தமை மற்றொன்று. 1920ஆம் ஆண்டுகளிலேயே அங்கு புளூஸ் பாடகியரின் தட்டுகள் விற்பனைக்கு வந்துவிட்டன. 1933ஆம் ஆண்டில் ஜோன் லோமாக்ஸ் என்பவரும் அவர் மகன் அலனும் பதிவுக்கருவியை மோட்டார் வண்டியில் ஏற்றிக்கொண்டு தென்மாநிலங்களின் தோட்டங்களுக்கும் சிறைச்சாலைகளுக்கும் சென்று, உழைப்போர் பாட்டுகளைப் பதிந்து, காங்கிரஸ் நூலகத்திற் சேர்த்தனர்.

ஊவாவுக்கு அத்தகைய வண்டி வரவில்லை. மலையகத்திலே கோ. நடேசய்யர் அவர்களின் துணைவியார் மீனாட்சியம்மாள் தொழிலாளர் கூட்டங்களிற் பாடித் தோட்டத்து மக்களைத் தட்டியெழுப்பினார். அவர் பாடல்கள் 1940ஆம் ஆண்டிலே நூலாக வந்தன. சொற்கள் நமக்குக் கிடைக்கின்றன, குரல் கிடைக்கவில்லை. சி. வி. வேலுப்பிள்ளை அவர்கள் மலைநாட்டு மக்களின் பாடல்களைத் திரட்டி எழுத்தில் வைத்தார். அவர் செய்தது பெருந்தொண்டு. எனினும் ஏட்டில் எழுதிய தாலாட்டிலே இழுவையும் விம்மலும் இல்லை.

மூவர் குழு கலைந்த அதே 1964ஆம் ஆண்டு ஒக்டோபரிலே சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும் 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்குவதென்றும் எழுதப்பட்டது. பின்வந்த ஆண்டுகளில் பதுளை நிலையத்தில் இரயிலேறியவர்களோடு முன்பாட்டுக்காரரும் சென்றனர். பின்பாட்டுக்காரர் இங்கே நின்றனர். நீலகிரியின் கூடலூரிலும் கோத்தகிரியிலும் குடியேறியோர் நாவில் ஒரு பாதியும், நமுனுக்குலை அடிவாரத்தில் மறுபாதியுமாக எத்தனை பாட்டுகள் பிரிந்து கிடக்கின்றனவோ!

இரண்டு ஆண்டுகளாக எம் பாடசாலை உயர்தர வகுப்பு மாணவர் சிலர், தத்தம் பாட்டிமார் பாடுபவற்றைக் கைத்தொலைபேசியிலே பதிந்து வருகின்றனர். தாலாட்டும் கும்மியும் தெம்மாங்கும் காமன் கூத்துப் பாட்டுகளும் ஓரளவு சேர்ந்துள்ளன. ஒப்பாரி மாத்திரம் சேரவில்லை. கேட்கப்போன மாணவியிடம் ஒரு மூதாட்டி, “சாவு இல்லாத வீட்டிலே அதைப் பாடக் கூடாது, தாயி” என்று மறுத்துவிட்டார். பின்னர் அவரே சற்று யோசித்து, அடுத்த தோட்டத்திலே சாவு விழுந்தால் சொல்லியனுப்புவதாகவும், அப்போது அந்தக் கருவியைக் கொண்டு வரும்படியும் கூறியிருக்கின்றார்.