காபன் வரியின் ஓராண்டு: கொழும்பில் எரிபொருள் விலையும் காலநிலை விவாதமும்

இலங்கையில் மோட்டார் வாகனங்கள் மீதான காபன் வரி 2019 ஜனவரி 1ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. அந்த ஆண்டோடு முடிந்தும் போனது. விதித்த அரசாங்கம் அதைச் சூழலைக் காக்கும் வரி என்றது. அடுத்து வந்த அரசாங்கம் தனது வரிச் சலுகைகளில் ஒன்றாக அதை நீக்கியது. புவி வெப்பமடைவதற்குக் காரணம் யார், அதற்கான செலவை ஏற்க வேண்டியவர் யார் என்ற கேள்விகள் இந்த ஓராண்டில்தான் கொழும்பின் வாகன உரிமையாளர்களை ஒரு கட்டண ரசீதின் வடிவில் வந்தடைந்தன. அவற்றுக்குக் கிடைத்த பதில்கள் காலநிலை அறிவியலைவிட எரிபொருள் விலையின் பழைய அரசியலையே சார்ந்திருந்தன.

அந்த அரசியலின் தொடக்கம் 1961ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம். அச்சட்டத்தால் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் உருவானது. மறு ஆண்டு ஷெல், கல்டெக்ஸ், எஸ்ஸோ ஆகிய வெளிநாட்டு நிறுவனங்களின் சொத்துகளில் ஒரு பகுதி அரசுடைமையானது. இழப்பீட்டுத் தகராறு காரணமாக 1963இல் அமெரிக்கா தன் உதவியை நிறுத்தியது. 1969இல் சப்புகஸ்கந்தை சுத்திகரிப்பு நிலையம் இயங்கத் தொடங்கியது. துறைமுகத்தில் இறங்கும் எண்ணெய் குழாய்கள் வழியே கொலன்னாவைக் களஞ்சியத்துக்கும், அங்கிருந்து நாடெங்கும் போனது. இறக்குமதி, சுத்திகரிப்பு, விற்பனை மூன்றும் அரசின் கைக்கு வந்தபின், பெற்றோல் விலையை உயர்த்துவதும் குறைப்பதும் அமைச்சரின் முடிவாக, அதாவது தேர்தலோடு சேர்த்துக் கணக்கிடப்படும் முடிவாக ஆயின. உலகச் சந்தையில் விலை ஏறும்போது கூட்டுத்தாபனம் நட்டத்தைச் சுமந்தது. இறங்கும்போது திறைசேரி வரியைக் கூட்டிக்கொண்டது.

இந்தப் பழக்கம் எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருந்தது என்பதை இரண்டு நிகழ்வுகள் காட்டுகின்றன. 2008 டிசம்பரில், கூட்டுத்தாபனத்தின் எண்ணெய் விலைக் காப்பு ஒப்பந்தங்கள் தொடர்பான வழக்கில், பெற்றோலை லீற்றர் 100 ரூபாய்க்கு விற்கும்படி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அரசாங்கம் அதை நிறைவேற்றவில்லை. விலை நிர்ணயம் நீதிமன்றம்வரை போய், அங்கும் முடிவு காணாமல் திரும்பியது. 2012 பெப்ரவரியில் டீசல் 84 ரூபாயிலிருந்து 115 ரூபாய்க்கும், மண்ணெண்ணெய் 71 ரூபாயிலிருந்து 106 ரூபாய்க்கும் உயர்ந்தபோது சிலாபத்தில் மீனவர்கள் வீதியில் இறங்கினர். துப்பாக்கிச் சூட்டில் ஒருவர் உயிரிழந்தார். எரிபொருள் விலை மீனவரின் அன்றாட வருமானத்தை நேரே வெட்டும் என்பதை எந்த நிதியமைச்சும் அதன்பின் மறந்திருக்க இடமில்லை.

காலநிலை மாற்றம் அரசின் அலுவல்களுக்குள் வந்தது வேறு வாசலால். ஐக்கிய நாடுகள் காலநிலை மாற்றச் சட்டகச் சமவாயத்தை இலங்கை 1993இல் ஏற்றது. பரிஸ் உடன்படிக்கையை 2016இல் உறுதிப்படுத்தியது. 2007இல் நோபல் சமாதானப் பரிசில் பங்கு பெற்ற காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுக் குழுவின் உபதலைவர்களில் ஒருவர் இலங்கையரான மொஹான் முனசிங்க. அவர் 1980களில் ஜனாதிபதியின் சக்தித்துறை ஆலோசகராக இருந்தவர். சக்தி விலை நிர்ணயமே அவரது ஆய்வுத் துறைகளுள் முக்கியமானது. மனிதச் செயலே வெப்பமயமாதலுக்குக் காரணம் என்பதை மறுக்கும் பெரிய அரசியல் அணி எதுவும் இங்கே உருவாகவில்லை. அமெரிக்காவில் நடந்த விவாதத்தோடு ஒப்பிட்டால் இது கவனிக்க வேண்டிய வேறுபாடு. இங்கு எழுந்த மறுப்பு காரணத்தைப் பற்றியதல்ல, பொறுப்பைப் பற்றியது. ஒரு இலங்கையர் ஆண்டுக்கு வெளியிடும் காபனீரொட்சைட்டு ஏறத்தாழ 1 தொன். ஒரு அமெரிக்கர் வெளியிடுவது சுமார் 15 தொன். உலக வெளியீட்டில் இலங்கையின் பங்கு 0.1 சதவீதத்துக்கும் குறைவு. அப்படியிருக்க கொழும்பு ஆட்டோக்காரர் ஏன் கட்ட வேண்டும் என்ற கேள்வியை எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

இதற்கிடையே நகரத்துக்கு இன்னொரு காற்றுப் பிரச்சினை இருந்தது: புகை. ஈயம் கலந்த பெற்றோல் 2002இல் நிறுத்தப்பட்டது. 2008 இறுதியில் மேல் மாகாணத்தில் வாகனப் புகைப் பரிசோதனை தொடங்கியது. அந்தப் பரிசோதனையின் சான்றிதழ் இல்லாமல் வருடாந்த வருமான அனுமதிப் பத்திரம் கிடைக்காது. பஸ்களும் முச்சக்கர வண்டிகளும் நெருக்கியடிக்கும் வெள்ளவத்தை காலி வீதியிலும், துறைமுகத்துக்குப் போகும் லொறிகள் ஊர்ந்து செல்லும் கொட்டாஞ்சேனைப் பகுதியிலும் இந்தப் பரிசோதனையின் தேவையை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அது அளப்பது காபனோரொட்சைட்டு, எரியாத ஐதரோகாபன், டீசல் புகையின் அடர்த்தி ஆகியவற்றை. புவியைச் சூடேற்றும் காபனீரொட்சைட்டுக்கு நிறமோ மணமோ இல்லை. நன்றாகப் பராமரித்த எஞ்சினும் ஒரு லீற்றர் பெற்றோலுக்கு ஏறத்தாழ 2.3 கிலோகிராமும், டீசலுக்கு 2.7 கிலோகிராமும் அதை வெளியேற்றியே தீரும். கண்ணுக்குத் தெரியும் புகையும் தெரியாத காபனும் பொதுமனத்தில் ஒன்றாகக் கலந்தது பின்னால் வந்த குழப்பத்துக்கு வழி வகுத்தது.

2017 நவம்பரில் நிதியமைச்சர் மங்கள சமரவீர சமர்ப்பித்த நீல-பசுமை வரவு செலவுத் திட்டத்தில் காபன் வரி முன்மொழியப்பட்டது. 2040க்குள் எல்லா வாகனங்களையும் மின்சார அல்லது ஹைபிரிட் வாகனங்களாக்கும் இலக்கும் அதில் இருந்தது. மோட்டார் சைக்கிளுக்கு நாளொன்றுக்கு 17 சதம், காருக்கு 1 ரூபாய் 78 சதம், பஸ்ஸுக்கு 2 ரூபாய் 74 சதம் என்று வரி நாட்கணக்கில் சொல்லப்பட்டது, சுமை சிறிது என்று காட்டுவதற்காக. அது நடைமுறைக்கு வருமுன்னரே, 2018 மே மாதத்தில், அதே அமைச்சர் எரிபொருள் விலைச் சூத்திரத்தைக் கொண்டுவந்தார். ஒக்டேன் 92 பெற்றோல் 117 ரூபாயிலிருந்து 137 ரூபாய்க்கும், டீசல் 95 ரூபாயிலிருந்து 109 ரூபாய்க்கும் ஏறின. மண்ணெண்ணெய் 44 ரூபாயிலிருந்து ஒரே பாய்ச்சலில் 101 ரூபாயானது. மீனவர்களின் எதிர்ப்பால் சில வாரங்களிலேயே அதை 70 ரூபாயாகக் குறைக்க நேர்ந்தது. இதனால் மக்கள் முன் இரண்டு விடயங்கள் ஒன்றாகி நின்றன: உலக விலையை நுகர்வோர் மீது ஏற்றும் சூத்திரம், சூழலின் பெயரால் வரும் வரி. இரண்டும் ஒரே பையிலிருந்துதான் போகும்.

2018ஆம் ஆண்டின் 35ஆம் இலக்க நிதிச் சட்டம் வரியின் அளவை எஞ்சின் கொள்ளளவையும் வாகனத்தின் வயதையும் கொண்டு வகுத்தது. பெற்றோல், டீசல் வாகனங்களுக்குக் கன சென்ரிமீற்றருக்கு 5 ஆண்டுவரை 50 சதம், 10 ஆண்டுவரை 1 ரூபாய், அதற்குமேல் 1 ரூபாய் 50 சதம். ஹைபிரிட் வாகனங்களுக்கு இதைவிடக் குறைவு. பஸ்களுக்கு ஆண்டுக்கு 1,000 முதல் 3,000 ரூபாய் வரை. மின்சார வாகனங்களுக்கு விலக்கு.

வரியின் பெரிய குறை இங்கேதான் இருக்கிறது. பத்து ஆண்டைக் கடந்த 1,500 கன சென்ரிமீற்றர் கார் ஆண்டுக்கு 2,250 ரூபாய் கட்டியது. 2018 மே மாத விலையில் அது சுமார் 16 லீற்றர் பெற்றோலின் பெறுமதி. வெள்ளவத்தை மாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் வாரம் முழுதும் நின்று, கோயிலுக்கு மட்டும் போய்வரும் காருக்கும் அதே தொகை. நாள்தோறும் நூறு கிலோமீற்றர் ஓடும் காருக்கும் அதே தொகை. எரித்த லீற்றர் எதுவும் கணக்கில் வரவில்லை. ஆகவே குறைவாக ஓட்டுவோருக்கு அந்த வரி எந்த நன்மையும் தரவில்லை. வயதுக்கு ஏற்ப ஏறும் விகிதம் புகைக்குப் பொருந்தும், காபனுக்கு அவ்வளவாகப் பொருந்தாது. பழைய வண்டியை மாற்றப் பணமில்லாதவரே கூடுதலாகக் கட்டினார். பின்லாந்து 1990இலும் சுவீடன் 1991இலும் எரிபொருளின் காபன் அளவின்மீது வரி விதித்திருந்தன. இலங்கையில் விதிக்கப்பட்டது, பெயரை நீக்கிப் பார்த்தால், அனுமதிப் பத்திரத்தோடு சேர்ந்த இன்னொரு கட்டணமே. ஏற்கனவே புகைச் சான்றிதழுக்குப் பணம் கட்டியவர்கள் இதை இரட்டைக் கட்டணம் என்று கருதியதில் வியப்பில்லை.

வரி நடைமுறைக்கு வருவதற்குச் சற்று முன், 2018 நவம்பரில், பிரான்சில் டீசல் வரி உயர்வுக்கெதிராக மஞ்சள் அங்கி இயக்கம் கிளர்ந்தெழுந்தது. இலங்கையில் அப்படி எதுவும் நடக்கவில்லை. தொகை சிறியது, பிரதேச செயலகத்தில் ஆண்டுக்கொரு முறை கட்டுவது. அதை நீக்கவும் போராட்டம் தேவைப்படவில்லை. 2019 நவம்பரில் கோட்டாபய ராஜபக்ச ஜனாதிபதியானதும், பெறுமதி சேர் வரியை 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாகக் குறைத்த அதே சலுகைத் தொகுப்போடு காபன் வரியும் போனது. விலைச் சூத்திரமும் கைவிடப்பட்டது.

அந்த முடிவுகளின் விளைவுகளில் எரிபொருள் தொடர்பானவை 2022இல் தெரிந்தன. டொலர் இல்லை, கப்பல் இல்லை, கொழும்பின் எரிபொருள் நிலையங்களுக்கு வெளியே வரிசைகள் நாட்கணக்கில் நீண்டன. மார்ச்சில் 254 ரூபாயாக இருந்த பெற்றோல் ஜூன் இறுதியில் 470 ரூபாயானது. ஓகஸ்ட்டில் மண்ணெண்ணெய் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏறியது. ஜூலையில் வந்த கியூஆர் குறியீட்டுப் பங்கீட்டு முறை முச்சக்கர வண்டிக்கு வாரம் 5 லீற்றர், காருக்கு 20 லீற்றர் என்று அளந்து கொடுத்தது. காபன் வரி அளக்கத் தவறிய லீற்றரைப் பஞ்சம் அளந்தது. இத்தனைக்கும் காலநிலை பற்றிய பேச்சு அங்கே எழவில்லை.

2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் கடனுதவிக்கு ஒப்புதல் அளித்தபோது, எரிபொருளைச் செலவுக்கேற்ற விலைக்கு விற்பதும் நிபந்தனைகளில் ஒன்றானது. 2024 ஜனவரியில் 18 சதவீதப் பெறுமதி சேர் வரி எரிபொருளுக்கும் விரிந்தது. 2025இல், லீற்றருக்கு 50 ரூபாய் வரி கூட்டுத்தாபனத்தின் பழைய கடனை அடைக்கவே தொடர்கிறது என்று சக்தி அமைச்சர் விளக்கினார். ஆக, காபனின் பெயர் தாங்கிய வரி காபனை அளக்கவில்லை. லீற்றரை அளக்கும் வரிகள் கடனின் பெயரிலும் வருவாயின் பெயரிலும் வசூலாகின்றன. இனி ஒரு காபன் வரி வருமானால் அது எரிபொருளின் மீதே விதிக்கப்பட வேண்டும். அதில் திரளும் பணம் பஸ்ஸுக்கும் ரயிலுக்கும், மண்ணெண்ணெயை நம்பியிருக்கும் குடும்பங்களுக்கும் எவ்வளவு போகும் என்பதும் அதே சட்டத்தில் எழுதப்பட வேண்டும்.