வெள்ளித்திரையில் ஒரு பந்தயம், செப்பாங்கில் ஒரு பந்தயம்



நாம் சிறுவராய் இருந்த காலத்தில், சம்பளம் போட்ட வாரம் செபராங் பிறைத் தோட்டத்திலிருந்து பஸ் பிடித்து, பட்டர்வொர்த்தில் ஃபெரி ஏறி, ஜார்ஜ் டவுனுக்குப் படம் பார்க்கப் போவதுண்டு. கதாநாயகன் காரை முடுக்கினால் கொட்டகையே எழுந்து நிற்கும். வில்லனின் கார் பள்ளத்தில் உருளும். நம் நாயகன் இறங்கி வரும்போது தலைமயிர்கூடக் கலைந்திருக்காது! மறுநாள் லயத்துப் பையன்கள் சைக்கிளில் அதையே ஓட்டிப் பார்ப்பார்கள். முட்டி தேய்ந்ததோடு போயிற்று. இன்றோ அந்த வயதுப் பையன்களுக்குக் கப்சாய் மோட்டார் சைக்கிள் கிடைத்துவிடுகிறது. அதனால்தான் இந்தப் பேச்சுக்கு இந்தத் தலைப்பை எடுத்துக்கொண்டோம்.

நம் வட்டாரத்தில் இந்தப் பந்தயம் பொதுச் சாலையில்தான் பெயர் பெற்றது. சிங்கப்பூரில் தாம்சன் சாலையை அடைத்து 1961 முதல் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் ஓடின. 1962 முதல் 1965 வரை அதற்கு மலேசியக் கிராண்ட் பிரீ என்றே பெயர். அந்தச் சாலையோரத்தில் விளக்குக் கம்பம் இருந்தது, பஸ் நிறுத்தம் இருந்தது, ஆழமான மழைநீர்க் கால்வாயும் இருந்தது. 1972 இல் ஒரு பந்தய வீரர் மாண்டார். 1973 இல் இன்னொருவர். அத்துடன் அந்தப் பந்தயம் நின்றது. இதற்கிடையே 1968 இல் ஷா ஆலாம் அருகே பத்து தீகாவில் பந்தயத்துக்கென்றே ஒரு பாதை திறந்தார்கள். அது இப்போது இல்லை. 1999 இல் செம்பனை மரங்கள் சூழ்ந்த செப்பாங்கில், 5.543 கிலோமீட்டர் நீளமும் 15 வளைவுகளும் கொண்ட பாதை வந்தது.

அங்கே 1999 அக்டோபர் 17 ஆம் நாள் நடந்த முதல் ஃபார்முலா ஒன் பந்தயத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். மைக்கேல் ஷூமாக்கர் அந்த ஆண்டு ஜூலையில் கால் முறிந்து படுத்தவர். மூன்று மாதம் கழித்துத் திரும்பி வருகிறார். சினிமாவாக இருந்தால் அவர்தானே ஜெயிக்க வேண்டும்? அவரோ முன்னால் ஓடியும், தம் குழுவைச் சேர்ந்த எடி இர்வினுக்கு வழிவிட்டு, பின்னால் வந்த மிக்கா ஹாக்கினனை அடக்கிப் பிடித்தார். உலகப் பட்டத்துக்குப் போட்டியிட்டவர் இர்வின். ஆகவே குழுவின் கணக்கு அப்படி. இர்வின் முதலிடம், ஷூமாக்கர் இரண்டாமிடம், ஹாக்கினன் மூன்றாமிடம்.

கதை அங்கே முடியவில்லை. பந்தயம் ஓய்ந்தபின் அதிகாரிகள் அளவுகோலோடு வந்தார்கள். இர்வின், ஷூமாக்கர் இருவருடைய ஃபெராரி கார்களிலும் பக்கவாட்டுத் தகடு ஒன்று சுமார் ஒரு சென்டிமீட்டர் விதி மீறியிருக்கிறது என்று இருவரையும் நீக்கினார்கள். அது நிலைத்திருந்தால் பட்டம் அன்றே ஹாக்கினனுக்கு. ஃபெராரி முறையிட்டது. சில நாள் கழித்துப் பாரிசில் நடுவர் மன்றம் கூடி, முறையாக அளந்தால் குறை ஐந்து மில்லிமீட்டர் சலுகைக்குள் அடங்குகிறது என்று வெற்றியைத் திருப்பிக் கொடுத்தது. அடுத்த பந்தயத்தில் ஹாக்கினன் பட்டத்தை வென்றது வேறு விஷயம். ஒரு தகட்டையும் அளவுகோலையும் வைத்து எந்த இயக்குநர் படம் எடுப்பார்?

படம் எடுத்தவர்கள் எல்லாரும் பொய் சொன்னார்கள் என்று சொல்ல மாட்டோம். 1966 இல் வந்த ‘கிராண்ட் பிரீ’ என்ற ஆங்கிலப் படத்துக்கு உண்மையான பந்தயங்களிலேயே காமிராவை வைத்தார்கள். ஆனால் நடிகர்கள் ஓட்டியவை பெரிய காரைப் போல வேடமிட்ட சிறிய கார்கள். அதில் ஒரு கார் மொனாக்கோ துறைமுகத்துத் தண்ணீரில் பாய்கிறது, ஓட்டியவர் பிழைக்கிறார். அதே படத்தில் தலைகாட்டிய நிஜப் பந்தய வீரர் லொரென்சோ பாண்டினி, 1967 மே மாதம் அதே மொனாக்கோவில் கார் தீப்பற்றி, மூன்று நாளில் உயிர்விட்டார். ‘லெ மான்’ படத்துக்காக 1970 இல் கார் ஓட்டிய டேவிட் பைப்பருக்கு, படப்பிடிப்பு விபத்தில் ஒரு காலின் கீழ்ப்பகுதியே போயிற்று.

நம் தமிழ் நடிகர் அஜித் குமார் திரையிலும் ஓட்டுவார், நிஜத்திலும் ஓட்டுவார். 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்துக்குமுன், பயிற்சியில் அவருடைய கார் தடுப்பில் மோதிச் சுழன்றது. காயமில்லை. பிறகு அவர் தம் குழுவின் நலனுக்காக அந்தக் காரை ஓட்டாமல் ஒதுங்கிக்கொண்டார். குழு தன் பிரிவில் மூன்றாமிடம் பெற்றது. அவர் ஒதுங்கியதைத்தான் நம் பையன்களுக்கு முதலில் சொல்கிறோம்.

இரு சக்கரக்காரர்களுக்கு இன்னொன்று. 2011 அக்டோபர் 23, அதே செப்பாங். இத்தாலியரான மார்கோ சிமொன்செல்லி, வயது 24, இரண்டாவது சுற்றில் விழுந்தார். பின்னால் வந்த இருவர் மோதினர், தலைக்கவசம் கழன்றது. மருத்துவர்கள் அங்கேயே இருந்தும் காப்பாற்ற முடியவில்லை. பந்தயத்தை நிறுத்திவிட்டார்கள்.

சென்ற ஆண்டு நம்மிடம் படித்த பையன் ஒருவன், இருக்கையில் குப்புறப் படுத்து ஓட்டிப் பார்த்து, கையில் மாவுக்கட்டோடு வந்தான். திட்டவில்லை. செப்பாங் பாதையின் படத்தைக் காட்டினோம்.

“வளைவுக்கு வெளியே இது என்ன சார்?” என்று கேட்டான்.

“சரளைக்கல் பரப்பு. பாதையை விட்டு வருகிற வண்டியின் வேகத்தைக் குறைப்பதற்கு.”

சற்று நேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். “நம்ம தோட்டத்து வளைவுக்கு வெளியே பெரிய கால்வாய் இருக்கு சார்” என்றான்.