ஏழடிக்குள் ஒரு வீடு

கொட்டகையின் நடுவில், வரிசையாக நிறுத்திய இரும்புத் தாங்கிகளின் மேல் ஒரு தகடு கிடக்கிறது. நீளம் 57 அடி, கனம் 10 மில்லிமீட்டர், அகலம் ஏழடிக்கு இரண்டு அங்குலம் குறைவு. எடை ஏறத்தாழ இரண்டே முக்கால் டன். இதைப் பார்த்துப் படகு என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஏதோ பாலத்துக்காக வந்த இரும்பு என்றுதான் நினைப்பார்கள். ஆனால் தகட்டின் குறுக்கே சாக்பீஸால் கோடு போட்டிருக்கிறார்கள். இங்கே இயந்திரம், இங்கே குளியலறை, இங்கே கட்டில், அந்தக் கடைசியில் தண்ணீர்த் தொட்டி. இங்கிலாந்தின் மிட்லண்ட்ஸ் பகுதிக் கால்வாய்களில் மிதக்கும் நேரோபோட் என்னும் ஒல்லிப் படகு, பெரும்பாலும் இப்படித்தான் பிறக்கிறது.

அகலம் ஆறடி பத்து அங்குலம் என்பது கட்டுபவர் போட்ட கணக்கல்ல, வாங்குபவர் கேட்ட கணக்கும் அல்ல. அதைப் போட்டவர் இறந்து 250 ஆண்டுகளுக்கு மேலாகிறது. அவர் பெயர் ஜேம்ஸ் பிரிண்ட்லி. ட்ரென்ட் ஆற்றையும் மெர்சி ஆற்றையும் இணைக்கும் கால்வாய்க்கு 1766-ல் நாடாளுமன்றம் அனுமதி தந்தது. முதல் மண்ணை வெட்டியவர் பீங்கான் செய்து புகழ்பெற்ற ஜோசையா வெட்ஜ்வுட். குண்டும் குழியுமான சாலையில் வண்டியில் போன அவருடைய பீங்கான்கள் வழியிலேயே உடைந்துகொண்டிருந்தன. அவருக்குக் குலுங்காத வழி வேண்டும், தண்ணீரைவிடக் குலுங்காத வழி ஏது?

ஆனால் அந்த வழி மேட்டில் ஏறி இறங்க வேண்டும். அதற்குத்தான் லாக். இரு பக்கமும் கல்சுவர், இரு முனையிலும் கதவு. உள்ளே படகை விட்டுக் கதவைச் சாத்தித் தண்ணீரை நிரப்பினால் படகு ஏறும், வடித்தால் இறங்கும். ஒவ்வொரு தடவையும் ஒரு தொட்டித் தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்குப் போய்விடும். தொட்டி பெரிதானால் செலவும் பெரிது, மேட்டில் தேக்க வேண்டிய தண்ணீரும் அதிகம். போதாததற்கு வழியில் ஹேர்காசில் குன்று நின்றது. அதைக் குடைந்து 2,880 கெஜ நீளத்துக்குச் சுரங்கம் தோண்ட வேண்டும். பிரிண்ட்லி லாக்கின் அகலத்தை ஏழடி என்றும் நீளத்தைச் சுமார் 72 அடி என்றும் வைத்தார். சுரங்கத்தையும் அதற்கேற்பக் குறுக்கினார். குதிரை நடக்க உள்ளே பாதை கிடையாது. படகோட்டிகள் மல்லாந்து படுத்துச் சுரங்கச் சுவரில் கால் பதித்து, நடப்பதுபோல் உதைத்து உதைத்துப் படகை மறுமுனைக்குக் கொண்டுபோனார்கள். 1772-ல் பிரிண்ட்லி இறந்தார். கால்வாய் முழுதாகத் திறந்தது 1777-ல். அதனோடு வந்து சேர்ந்த பல கால்வாய்கள் அதே ஏழடியை எடுத்துக்கொண்டன. இன்று ஒருவர் தம் கட்டிலை எந்தப் பக்கம் போடுவது என்று யோசிக்கும்போதும் பிரிண்ட்லியின் ஏழடிதான் முடிவு செய்கிறது.

நீளத்துக்கு 57 அடி என்று கணக்கு வந்ததும் லாக்கால்தான். 72 அடிப் படகு பிரிண்ட்லியின் கால்வாயில் போகும். ஆனால் வடக்கே யார்க்ஷயரில் கால்டர் - ஹெபிள் போன்ற வழிகளில் லாக்குகள் அகலமாக இருந்தாலும் நீளம் குட்டை. 57 அடிக்குள் நின்றால் அநேகமாக எங்கும் போகலாம். ஊர் சுற்ற நினைப்பவர்கள் அந்த அளவைக் கேட்பது இதனால்தான்.

இனி பட்டறை. அடித்தகட்டின் விளிம்பில் ஒரு அங்குலம் விட்டு உள்ளே தள்ளிப் பக்கத் தகடுகளை நிறுத்துகிறார்கள். அவை 6 மில்லிமீட்டர் கனம். மேலே வரப்போகும் அறையின் சுவரும் கூரையும் 4 மில்லிமீட்டர். இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குப் பத்து, ஆறு, நான்கு என்று மூன்று எண்ணைச் சொன்னாலே படகின் உடம்பு புரிந்துவிடும். முதலில் அங்கங்கே பொட்டு வைத்ததுபோல் வெல்டிங். உள்ளே, விலா எலும்புபோல், வங்குகளாகக் கோண இரும்பு. பிறகுதான் முழுத் தையல். ஒரே பக்கமாகச் சுட்டுக்கொண்டு போனால் சூடு தகட்டை இழுத்து முறுக்கிவிடும். ஆகவே இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம், பின்னால் கொஞ்சம் என்று மாறி மாறிப் போக வேண்டும்.

கட்டுபவரின் கையை அறிய அணியத்தை, அதாவது முன்முனையை, பார்க்க வேண்டும். நேராக வரும் பக்கத் தகட்டைச் சங்கிலியும் இடுக்கியும் போட்டு இழுத்து, இரு பக்கமும் ஒன்றுபோல் வளைத்து முன்கம்பத்தில் சேர்ப்பது கண்ணால் செய்யும் வேலை. அமரத்தில், அதாவது பின்முனையில், தண்ணீருக்குள் இருக்கும் பகுதியும் இதே போலக் கூம்பி வர வேண்டும். கூம்பல் நீளமாக இருந்தால் தண்ணீர் அமைதியாகச் சுழல்விசிறிக்கு வந்து சேரும், படகு சொன்ன பேச்சைக் கேட்கும். இரும்பையும் நேரத்தையும் மிச்சப்படுத்தக் கூம்பலைக் குட்டையாக்கினால், அந்தப் படகு ஆயுள் முழுவதும் பின்னால் அலையைக் கிளப்பிக்கொண்டு முக்கி முக்கித்தான் போகும். தண்ணீருக்குள் மறைந்துவிடும் இடம் என்பதால் வாங்குபவர் கண்ணில் படாது. நல்ல பட்டறைக்காரர் அங்கேதான் தம் மானத்தை வைக்கிறார்.

சுழல்விசிறிக்கு நேர் மேலே, தண்ணீர் மட்டத்துக்கு மேல் எழும்பி நிற்கும் ஒரு பெட்டி. அதன் மூடியைக் கழற்றிக் கையை விட்டால் விசிறியில் சுற்றிக்கொண்ட பிளாஸ்டிக் பையையும் கம்பியையும் அறுத்து எடுக்கலாம். மூடியைச் சரியாகப் போடாமல் இயந்திரத்தை ஓட்டினால், விசிறி கிளப்பும் தண்ணீரே உள்ளே புகுந்து படகை மூழ்கடித்துவிடும். அதன் அருகே உடலோடு சேர்த்து வைத்த தட்டையான இரும்புத் தொட்டி ஒன்று. இயந்திரத்தின் சுடுநீர் அதற்குள் சுற்றும், மறுபக்கம் உரசும் கால்வாய்த் தண்ணீர் அதை ஆற்றும். கால்வாய்ச் சேற்றையும் தழையையும் குழாய்க்குள் இழுக்காமல் சூடு தணிக்கும் வழி இது. வெல்டிங் நடக்கும்போதே வைத்தாக வேண்டும், பிறகு நினைத்துப் பயனில்லை.

மரத்தால் படகு கட்டிய காலத்தில் பக்கத்துக்கு ஓக், அடிக்கு எல்ம். எல்ம் தண்ணீருக்குள்ளேயே கிடந்தால் நெடுநாள் உழைக்கும். பலகை இடுக்குகளில் தார் ஊறிய நாரை அடித்துக் கலப்பற்றுவார்கள். பூச்சாகத் தார், மாட்டு முடி, குதிரைச் சாணம் மூன்றையும் காய்ச்சிச் சூடாகத் தடவுவார்கள். இன்று அந்த வேலையை வெளியே கறுப்பு பிட்டுமன் பூச்சு செய்கிறது. இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை படகைக் கரையேற்றிப் புதிதாகப் பூச வேண்டும். கூடவே உடலில் மெக்னீசியக் கட்டிகளைப் பற்றவைக்கிறார்கள். தண்ணீர் இரும்பைத் தின்ன வரும்போது முதலில் மெக்னீசியத்தைத் தின்று பசியாறும்.

இந்தப் படகு கட்டுவதிலேயே என் மனத்தை அதிகம் பிடித்து நிறுத்தியது அடுத்த கட்டம். உடல் முடிந்து, தரைப்பலகை போடுவதற்கு முன், அடித்தகட்டின் மேல் செங்கல்லையும் நடைபாதைக் கல்லையும் அடுக்குகிறார்கள். ஒன்றிரண்டல்ல, டன் கணக்கில். மிதக்க வேண்டிய ஒன்றுக்குள் வேண்டுமென்றே கல்லை ஏற்றுகிறார்கள்.

காரணம், இந்த வடிவம் வீட்டுக்காக உண்டானதல்ல. 25 டன் நிலக்கரியை ஒற்றைக் குதிரை இழுக்க உண்டானது. கரி ஏறினால் உடல் தண்ணீரில் அழுந்தி உட்காரும், கரி இல்லாவிட்டால் தக்கைபோல் எழும்பி நிற்கும். புதுப் படகில் கரி இல்லை. மரச்சுவரும் மெத்தையும் அடுப்பும் சேர்ந்தாலும் அந்தப் பாரத்துக்கு ஈடாகாது. கல் இல்லாவிட்டால் விசிறி பாதி வெளியே தெரியும், காற்றடித்தால் படகு கரைக்குக் கரை ஒதுங்கும், ஒருவர் ஓரமாக நடந்தால் சாயும். 57 அடிப் படகை ஒரு அங்குலம் தாழ்த்த முக்கால் டன்னுக்கு மேல் எடை வேண்டும். இறங்கிப்போன நிலக்கரியின் இடத்தில் கல் வந்து உட்கார்ந்திருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றும்.

அந்தக் காலத்தில் இந்த நீளம் முழுவதும் சரக்குக்குத்தான். மனிதருக்குப் பின்முனையில் பத்தடிக்குள் ஒரு அறை. ரயில் வந்து கூலி இறங்கியபோது, கரையில் வீட்டு வாடகை கொடுக்க முடியாத படகோட்டிகள் மனைவி மக்களைக் கூட்டிக்கொண்டு அந்த அறைக்கே வந்து சேர்ந்தார்கள். நுழைந்ததும் இடப்பக்கம் அடுப்பு. அலமாரிக் கதவை இறக்கினால் மேசை. இன்னொரு பலகையை இறக்கினால் குறுக்குக் கட்டில். அதற்குள் பிறப்பும் சாவும் சமையலும். கோல்வில் ஊரின் ஜார்ஜ் ஸ்மித் என்பவர் விடாமல் போராடியதன் பலனாக 1877-ல் சட்டம் வந்தது. படகைப் பதிவு செய்ய வேண்டும், எத்தனை பேர் தங்கலாம் என்பதற்கு வரம்பு உண்டு என்றானது. அந்த மக்கள் தண்ணீர் எடுக்கும் வாளியிலும் கதவிலும் ரோஜாவும் கோட்டையும் வரைந்து வைத்தார்கள். இன்று புதுப் படகின் கதவில் அதே ரோஜாவை எழுதச் சொல்லிக் கேட்பவர்களுக்கு, அது பத்தடி அறைக்குள் மலர்ந்த பூ என்பது தெரிந்திருக்க வேண்டும் என்பது என் ஆசை.

சரக்குத்தொட்டி வீடாக மாறியதற்கு ஒரு முன்னோடி உண்டு. எல். டி. சி. ரோல்ட் என்ற பொறியாளர், கிரெஸ்ஸி என்ற பழைய மரச் சரக்குப் படகை 1939-ல் பான்பரியில் டூலி குடும்பத்துப் பட்டறையில் கொடுத்து, குளியல்தொட்டியும் புத்தக அலமாரியும் வைத்து வீடாக்கி, மனைவியோடு புறப்பட்டார். அந்தப் பயணத்தை எழுதிய நூல் 1944-ல் வெளிவந்தது. கைவிடப்பட்டுத் தூர்ந்துகொண்டிருந்த கால்வாய்களைக் காக்க 1946-ல் ஒரு சங்கமே பிறந்தது. நெடுந்தூரக் கரிப் போக்குவரத்து 1970 அக்டோபரில், லண்டன் அருகே சவுத்ஹாலில் ஒரு ஜாம் தொழிற்சாலைக்குப் போன சுமையோடு ஓய்ந்தது. கால்வாய்கள் பிழைத்துக்கொண்டன.

கொட்டகைக்குத் திரும்புவோம். கல் அடுக்கித் தரை போட்டாயிற்று. வங்குகளில் மரச்சட்டம் பொருத்தி, இரும்புச் சுவர் முழுவதும் பாலியூரிதேன் நுரையைப் பீய்ச்சுகிறார்கள். அடித்த நொடியில் பொங்கி, மஞ்சள் பஞ்சுபோல் ஒட்டி இறுகிவிடும். குளிருக்கு மட்டுமல்ல இது. உள்ளே மனிதர் விடும் மூச்சும் கெட்டிலின் ஆவியும் ஈரத்துணியும் சேர்ந்து குளிர்ந்த இரும்பைத் தொட்டால் சுவர் வியர்க்கும். ஓர் இடம் விட்டுப்போனாலும் அங்கே சொட்டும், பலகைக்குப் பின்னால் துரு ஏறும். பழைய படகுகள் சிலவற்றில் பாலிஸ்டிரீன் தட்டைச் செருகியிருந்தார்கள். அது மின்கம்பியின் மேலுறையைத் தொட்டால் உறையின் நெகிழ்வை உறிஞ்சி மொறுமொறுப்பாக்கிவிடும்.

மேலே ஒட்டுப்பலகை அடித்ததும் அறைகள் தெரியத் தொடங்கும். ஏழடி இப்போது கரைந்துவிட்டது. வெளியே கால்வைத்து நடக்கும் விளிம்பு, சுவரின் சாய்வு, நுரை, பலகை எல்லாம் போக உள்ளே மிஞ்சுவது சுமார் ஆறடி. கட்டிலைக் குறுக்கே போட்டால் நெட்டையானவர் கால் நீட்ட முடியாது, வழியும் அடைபடும். நெடுக்கே போட்டால் நான்கடி அகலம், பக்கத்தில் நடக்க இரண்டடி. இரண்டு பேர் ஒரே நேரத்தில் எதிரெதிரே வந்தால் ஒருவர் பின்வாங்க வேண்டும். அதனால் இந்த வீட்டில் ஒவ்வொரு பொருளும் வரும் வரிசைக்கே தச்சர் முதலில் மெனக்கெடுகிறார். குளியல்தொட்டி சுவர் எழும்புமுன் உள்ளே போயிருக்க வேண்டும்.

அணியத்தின் பூட்டறையில் சமையல் காஸ். கசிந்தால் காற்றைவிடக் கனமாக இருப்பதால் கீழே தேங்கும். ஆகவே அந்த அறைக்கு அடியில், தண்ணீர் மட்டத்துக்கு மேல், வெளியேற ஓட்டை இருந்தே ஆக வேண்டும். கரி அடுப்புக்குக் கீழே ஓடு பதித்த மேடை, மேலே கூரையைத் துளைத்த புகைக்குழாய், அருகில் கார்பன் மோனாக்சைடு அலாரம். பின்னால் 40 குதிரைத்திறன் அளவு டீசல் இயந்திரம். பலவற்றின் அடிப்பகுதி ஜப்பானின் குபோட்டா, அதைப் படகுக்கு ஏற்றதாக மாற்றுவது குளோஸ்டர்ஷயரில். சட்டப்படி மணிக்கு 4 மைலுக்கு மேல் போகக்கூடாத படகுக்கு இவ்வளவு திறன் எதற்கு என்று கேட்கலாம். ஓடும்போது இது பேட்டரிகளையும் நிரப்புகிறது, குளிக்க வெந்நீரும் காய்ச்சுகிறது.

வண்ணத்துக்கு வாரக்கணக்கு. தேய்த்து, பூசி, மறுபடி தேய்த்து, தூசி படாமல் காத்து, கடைசியில் எழுத்து வரையும் ஓவியர் வந்து பக்கச் சுவரில் பெயரை எழுதுகிறார். லாரியில் ஏற்றிக் கால்வாய்க்கரைக்கு வருகிறது. கிரேனின் பட்டைகள் இரண்டு இடத்தில் தாங்க, 15 டன்னைத் தாண்டிய இந்த நீளம் மரக்கிளைகளுக்கு மேலே எழும்பி, மெல்லத் திரும்பி, தண்ணீரைத் தொடுகிறது. பட்டைகளை உடனே கழற்றுவதில்லை. ஒருவர் டார்ச்சோடு உள்ளே ஓடி, விசிறித்தண்டு உடலைத் துளைத்து வெளியேறும் இடத்தைப் பார்க்கிறார். சொட்டு விழலாம், ஒழுகக்கூடாது. அவர் கையைத் தூக்கிக் காட்டிய பிறகே பட்டை தளர்கிறது.

ஆனால் கல்லின் வேலை இன்னும் முடியவில்லை. அணியத் தொட்டியில் 500 லிட்டர் தண்ணீர் நிரம்பினால் முன்முனை அரை டன் பாரத்தில் தாழும், செலவழியச் செலவழிய எழும்பும். சமையலறை இடப்பக்கம், புத்தகமும் அங்கே போனால் படகு இடப்பக்கம் சாயும். குடியேறிய முதல் வாரத்தில் ஒருவர் மேசையில் தேநீர்க் கோப்பையை வைத்து, தேநீர் விளிம்பைத் தொடும் பக்கத்தைப் பார்க்கிறார். தரைப்பலகையைத் திறந்து நான்கு செங்கல்லை வலப்பக்கம் நகர்த்துகிறார். மறுபடி பார்க்கிறார். இன்னும் இரண்டு.

பிறகு கயிற்றை அவிழ்க்கிறார். வளைவு தாண்டியதும் முதல் லாக். கதவு திறந்து கிடக்கிறது. பின்னால் 57 அடி தள்ளி நின்று, அணியம் அந்தச் சந்துக்குள் போகுமா என்று பார்த்துக்கொண்டே, சுக்கான் பிடியை விரலால் தொட்டுப் பிடித்திருக்கிறார். இடப்பக்கம் ஈரக் கல்சுவர், ஒரு அங்குலம். வலப்பக்கமும் ஒரு அங்குலம்.