ராய்ச்சூர்: இரண்டு பாலங்களுக்கு நடுவே ஒரு எல்லைக் கோட்டை

மும்பையிலிருந்து சென்னைக்கு ரயிலில் போகிற நம்மவர்களுக்கு ராய்ச்சூர் தெரியாமல் இருக்காது. இறங்கிப் பார்த்தவர்கள்தான் குறைவு. கிருஷ்ணா பாலம் தாண்டினால் ராய்ச்சூர். அப்புறம் மந்த்ராலயம் ரோடு வருவதற்கு முன் துங்கபத்திரா பாலம். இந்த இரண்டு பாலங்களுக்கு நடுவில் நாம் தூங்கிக்கொண்டே கடக்கிற நிலத்துக்காகத்தான் பாமினி சுல்தான்களும், பின்னர் பிஜப்பூர் அடில் ஷாக்களும், விஜயநகர மன்னர்களோடு தலைமுறை தலைமுறையாக மோதினார்கள்.

இந்த முறை ஊருக்குப் போகும் வழியில் குடும்பத்தோடு இறங்கி, கோட்டையைப் பார்த்துவிட்டுப் போனோம். ஏழாவது படிக்கும் மகள் உள்ளே நுழைந்ததுமே கேட்டாள்: "அப்பா, இதுல நாம எந்தப் பக்கம்?"

நல்ல கேள்வி. பதில்தான் சுலபமில்லை. முதலில், இந்தக் கோட்டையைக் கட்டியது அந்த இரு தரப்புமே இல்லை. காகதீயர் காலத்தில், 1294-ல் கட்டியதாகத் தெலுங்குக் கல்வெட்டு சொல்கிறது. விஜயநகரம் தோன்றியது 1336-ல், பாமினி அரசு 1347-ல். உள்மதில் சுண்ணாம்புக் கலவை இல்லாமல் பெரிய பெரிய கற்களை அடுக்கிக் கட்டியது. வெளிமதில் பின்னால் வந்த சுல்தான்கள் கட்டியது. யார் கைக்குப் போனாலும் இடிக்கவில்லை, கூடக் கொஞ்சம் கட்டிக்கொண்டார்கள்.

பெரிய சண்டை 1520-ல். கிருஷ்ணதேவராயர் கோட்டையை முற்றுகையிட்டார். அவரைத் தடுக்க வந்த இஸ்மாயில் அடில் ஷாவின் பீரங்கிப் படை கிருஷ்ணா நதிக்கரையில் தோற்று ஓடியது. ஆனாலும் கோட்டை விழவில்லை. மதிலைக் கடப்பாரையால் பெயர்த்தவர்களுக்குக் கல்லின் அளவுக்கேற்பக் காசு கொடுத்தார்களாம். கடைசியில் கிறிஸ்டோவாவோ டி ஃபிகெய்ரெடோ என்ற போர்ச்சுகீசியர் தன் துப்பாக்கி ஆட்களோடு வந்து மதில் மேல் நின்றவர்களைச் சுட்டார். கோட்டைத் தலைவன் விழுந்ததும் கதவு திறந்தது. இதை எழுதி வைத்த நூனிஸும் போர்ச்சுகீசியர்தான். எதிர்ப்பக்கம் அடில் ஷாவிடமும் போர்ச்சுகீசியர்கள் இருந்தார்கள் என்று அவரே சொல்கிறார். விஜயநகரப் படையிலோ இரண்டாம் தேவராயர் காலத்திலிருந்தே முஸ்லிம் குதிரை வீரர்கள் உண்டு. மதத்தை வைத்து இரண்டு பக்கமாகப் பிரித்தால் கணக்கு உதைக்கிறது.

இவ்வளவு பாடுபட்டுப் பிடித்த கோட்டை எத்தனை வருஷம் தங்கியது தெரியுமா? பத்தே வருஷம். கிருஷ்ணதேவராயர் 1529-ல் இறந்தார். 1530-ல் இஸ்மாயில் திரும்பப் பிடித்துக்கொண்டார்.

அதற்குப் பிறகும் ராய்ச்சூர் எல்லையூராகவே இருந்தது. 1871-ல் பம்பாயிலிருந்து வந்த ஜி.ஐ.பி. ரயில்வேயும் மெட்ராஸ் ரயில்வேயும் இங்கேதான் சந்தித்தன. 1956-ல் மொழிவாரி மாநிலம் பிரித்தபோது ஹைதராபாத் மாநிலத்திலிருந்து மைசூருக்கு வந்தது.

மகளை மேற்கு மதிலுக்குக் கூட்டிப்போனேன். கல்வெட்டு இருக்கும் கல் சுமார் 40 அடி நீளம், ஒரே கல். அந்தக் கல்லை வண்டியில் ஏற்றி எருமைகள் இழுத்துவருவதைப் பக்கத்திலேயே செதுக்கி வைத்திருக்கிறார்கள். எருமைகளையும் ஓட்டுகிற ஆட்களையும் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பக்கம் எடுத்துத்தான் ஆகணும்னா, இவங்க பக்கம் எடுத்துக்கோ" என்றேன்.