பொதுச்சுவர் வீடுகள்: திண்டுக்கல் நெசவுத் தெருக்களின் கட்டட வரலாறு

திண்டுக்கல் நாகல் நகரிலும், மதுரைச் சாலையில் சுமார் 11 கிலோமீட்டர் தள்ளியுள்ள சின்னாளபட்டியிலும் நெசவாளர் தெருக்களின் பழைய வீடுகள் ஒன்றையொன்று ஒட்டி வரிசையாக நிற்பவை. இரண்டு வீட்டுக்கு ஒரே சுவர். நாகல் நகரில் சௌராஷ்டிர நெசவாளர்கள் திரளாகக் குடியேறினார்கள். சின்னாளபட்டி சுங்குடிச் சேலைக்குப் பெயர் பெற்றது. தெரு நேராக இருந்தாக வேண்டும், பாவை, அதாவது தறியின் நீள இழைகளை, விரித்துக் கஞ்சி தோய்க்க வேறு இடம் கிடையாது. எல்லோரும் அந்தத் தெருவை ஒட்டியே இருக்க வேண்டியிருந்ததால் ஒவ்வொரு வீட்டுக்கும் தெருப்பக்கம் கிடைத்தது குறுகிய முகப்புதான். மனை பின்னோக்கி நீண்டது.

திண்ணை, நடை, கூடம், முற்றம், அடுப்படி, கொல்லை என்பது பழைய ஒழுங்கு. கூடத்தில் குழித்தறி. குழிக்குள் காலை விட்டுத் தரைமட்டத்தில் உட்கார்ந்து நெய்வார்கள்; தரையின் ஈரப்பதம் இழை அறாமல் காத்தது. இரவானால் தறியைச் சுற்றியே பாய் விரிப்பார்கள். பக்கச் சுவரில் சன்னல் வைக்க வழியில்லாததால் வெளிச்சமும் காற்றும் வாசல் வழியாகவும் முற்றம் வழியாகவும்தான் வர முடிந்தது.

கூரை முதலில் நாட்டு ஓடு. வசதியுள்ளவர்கள் மரச்சட்டங்களின் மேல் சிறு செங்கற்களைக் குத்தாக நிறுத்தி, கடுக்காயும் பனைவெல்லமும் ஊறிய நீரில் குழைத்த சுண்ணாம்பைக் கொட்டி மச்சு போட்டார்கள். 1865-ல் மங்களூரில் பாசல் மிஷன் ஓட்டுத் தொழிற்சாலையைத் தொடங்கியது. 1875-ல் திருச்சி–மதுரை ரயில் திண்டுக்கல் வழியாக ஓடத் தொடங்கியது. சீமை ஓடு எனப்பட்ட மங்களூர் ஓடும் தேக்கும் தூரத்திலிருந்து வந்து சேர இது வழி செய்தது.

குடும்பம் பெருகியபோது பக்கவாட்டில் நகர இடமில்லை. முதலில் பறிபோனது திண்ணை: மகனுக்குக் கல்யாணமானதும் அதை அடைத்து ஓர் அறையாக்கினார்கள். அடுத்து பாகப்பிரிவினை. அண்ணன் தம்பி இருவருக்கும் தெருவாசல் வேண்டுமென்றால் வீட்டை நீளவாக்கில்தான் பிளக்க வேண்டும். ஏற்கெனவே குறுகிய வீடு பாதியானால் தறிக்கு இடம் மிஞ்சாது. குறுக்கே பிரித்தால் பின்பாகத்துக்காரர் அடுத்தவர் நடை வழியாகவே போய்வர வேண்டும். வழி உரிமை, சுவர் உரிமை, கிணற்று உரிமை எல்லாம் பத்திரத்தில் ஏறியது இதனால்தான்.

மேலே கட்டும் வழி சிமென்ட் பரவலான பிறகே எளிதாயிற்று. மதுக்கரையில் 1934-லும் தாழையூத்தில் 1949-லும் சிமென்ட் ஆலைகள் உற்பத்தியைத் தொடங்கின. ஓட்டைப் பிரித்துக் கான்கிரீட் தளம் போட்டு, மாடியில் இரண்டு அறை எழுப்புவது மெல்ல வழக்கமானது. சிக்கல் சுவரில் இருந்தது. மண்ணும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய சுவர் ஓட்டுக் கூரையைத் தாங்கக் கட்டப்பட்டது; மாடியின் பாரம் அதன் கணக்கில் இல்லை. அதிலேயே பக்கத்து வீட்டு உத்திரமும் செருகியிருக்கும். இடித்தால் அவர்கள் கூரை தொங்கும். தன் எல்லைக்குள் தனித் தூண்கள் எழுப்புவதே பாதுகாப்பானது. அதற்கு இருபுறமும் அகலத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும். சுண்ணாம்புச் சுவருக்குச் சிமென்ட் பூசியதும் நல்லதாகவில்லை. உள்ளே ஏறிய ஈரம் வெளியேற முடியாமல் பூச்சு உப்பி உதிர்ந்தது.

இத்தனை மாற்றங்களிலும் மிகப் பெரிய இழப்பு முற்றத்தை மூடியதுதான். ஓர் அறை கூடியது. நடுவீடு பகலிலும் விளக்குப் போட வேண்டிய இருட்டானது, அடுப்படிப் புகைக்கும் போக்கிடம் இல்லை. மேல்தளத்தில் ஒரு திறப்பு விட்டு, மழை விழாமல் கண்ணாடிப் பந்தல் போடுவது இப்போதைய சீரமைப்பில் உள்ள மாற்று.

கொல்லைக்கு வேறு கதை. எடுப்புக் கக்கூஸ் இருந்த காலத்தில் மலம் அள்ளுபவர் வந்துபோகப் பின்புறம் சந்து விட்டிருந்தார்கள். சாதியின் கொடுமை நகர வரைபடத்திலேயே பதிந்திருந்த இடம் அது. உலர் கழிப்பிடங்களையும் கையால் மலம் அள்ளுவதையும் தடுக்கும் சட்டம் 1993-ல் வந்தது. கழிப்பறை வீட்டுக்குள் வந்தபோது மலக்குழிக்குக் கொல்லை போயிற்று. குழாய்த் தண்ணீர் இடைவெளி விட்டு வரும் ஊரில் தரைத்தொட்டிக்கும் இடம் ஒதுக்க வேண்டியிருந்தது.

2019-ன் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், தொடர் கட்டடப் பகுதி என்று குறிக்கப்பட்ட இடங்களில் பக்க இடைவெளி கேட்பதில்லை. விதி பொதுச்சுவர் வரிசைக்கு இடம் தந்தாலும், உள்ளே கைத்தறி குறைந்த வீடுகளில் தறிக்குழியை மூடிக் கூடத்தைப் படுக்கையறையாக்கி விட்டார்கள்.