பிரம்மச்சாரிகளும் பக்கத்து வீடும்: ஒரு சினிமாக் கதையின் வரலாறு

கீழப்பழுவூருக்கும் மலையாள நாட்டுக்கும் உள்ள உறவு இன்று நேற்று ஏற்பட்டதல்ல. 7ஆம் நூற்றாண்டிலேயே பழுவூர்க் கோயிலில் மலையாள அந்தணர்கள் வழிபட்டதைத் திருஞானசம்பந்தர் தம் பதிகத்தில் பாடியிருக்கிறார். பழுவேட்டரையர்களும் சேர நாட்டுத் தொடர்பு உடையவர்கள் என்றே வரலாற்று ஆசிரியர்கள் சொல்கிறார்கள். அந்தக் காலத்தில் ஆட்கள் வந்தார்கள், நம் காலத்தில் கதைகள் வருகின்றன! அப்படி வந்த ஒன்றுதான் 'இன் ஹரிஹர் நகர்'.

சித்திக், லால் என்ற இரட்டையர் இயக்கி 1990ல் வெளிவந்த மலையாளப் படம் இது. முகேஷ், சித்திக், ஜெகதீஷ், அசோகன் நால்வரும் கல்யாணமாகாத நண்பர்கள். (இயக்குநர் சித்திக் வேறு, நடிகர் சித்திக் வேறு. பலரும் குழம்பும் இடம் இது.) பக்கத்து வீட்டுக்கு மாயா என்ற பெண் குடிவருகிறாள். அவளைக் கவர நால்வருக்கும் போட்டி. நேராகப் போய்ப் பேச முடியுமா? முடியாது. ஆகவே இறந்துபோன அவள் அண்ணனின் சிநேகிதர்கள் என்று ஒரு பொய்யைச் சொல்லி வீட்டுக்குள் நுழைகிறார்கள். அதை நம்பி ஜான் ஹோனாய் என்ற வில்லன், அந்த அண்ணனிடம் இருந்த பெட்டி எங்கே என்று இவர்களிடமே கேட்டு வருகிறான். சிரிப்பு அங்கே பயமாக மாறுகிறது.

1991ல் இதே கதை ஆனந்த்பாபு, விவேக், சுகன்யா நடிக்க 'எம்.ஜி.ஆர். நகரில்' என்று தமிழில் வந்தது. இந்தியில் பிரியதர்ஷன் 2007ல் 'டோல்' என்று எடுத்தார்.

ஆனால் தமிழனுக்கு இது முற்றிலும் புதிய கதை அல்ல. 1981லேயே பாக்யராஜ் 'இன்று போய் நாளை வா' எடுத்துவிட்டார். மூன்று நண்பர்கள், ஒரு பெண் (ராதிகா). அங்கேயும் முதல் தடை வீட்டு வாசல்படிதான்! ஒருவர் அவள் அப்பாவிடம் இந்தி படிக்கப் போகிறார். அந்தக் காட்சியின் 'ரகு தாத்தா' 2024ல் ஒரு படத்துக்கே பெயராகிவிட்டது. ஆச்சரியம் என்னவென்றால், டெல்லியில் ஒன்றாகத் தங்கியிருக்கும் மூன்று நண்பர்களை வைத்து சாய் பராஞ்ச்பே 'சஷ்மே பத்தூர்' என்ற இந்திப் படத்தைத் தந்ததும் அதே 1981ல். இரண்டுமே 2013ல் மறுபடி எடுக்கப்பட்டன. தமிழில் அது 'கண்ணா லட்டு தின்ன ஆசையா'. கதை யாருக்குச் சொந்தம் என்ற தகராறும் அப்போது எழுந்தது.

சென்னை, டெல்லி, கேரளம் என்று மூன்று இடத்திலும் ஏன் ஒரே கதை? தலைப்பைப் பாருங்கள். ஹரிஹர் நகர், எம்.ஜி.ஆர். நகர். இரண்டிலும் 'நகர்' இருக்கிறது. கீழப்பழுவூர் மாதிரி ஊரில் இந்தக் கதை நடக்கவே நடக்காது. புதிதாக ஒரு குடும்பம் வந்தால் இன்னார் மகள், இன்னாருக்கு முறைப்பெண் என்பது அன்று சாயங்காலமே டீக்கடைக்குத் தெரிந்துவிடும். அண்ணனின் சிநேகிதன் என்று அங்கே புளுக முடியுமா? முன்பின் தெரியாதவர்கள் அடுத்தடுத்த வீட்டில் வாழும் காலனிகள் பெருகிய பிறகே இப்படிப்பட்ட பொய்க்கு இடம் கிடைத்தது. "பேச்சிலருக்கு வீடு இல்லை" என்று சொல்லும் தெருக்களும் அப்படி வந்தவைதான். குடும்பத்தோடு இல்லாதவனை யாரும் நம்புவதில்லை, அதனால் அவன் நடிக்கிறான். பாக்யராஜ் படத்தில் அந்த நடிப்புக்குத் தண்டனை அவமானமும் அடியும். சித்திக்-லால் படத்தில் உயிருக்கே ஆபத்து. அந்த விதத்தில் மலையாளப் படம் ஒரு படி மேலே போகிறது என்றே சொல்ல வேண்டும்.

2009ல் லால் தனியாக இதன் இரண்டாம் பாகத்தை எடுத்தார். அதில் நால்வரில் மூவருக்குக் கல்யாணமாகிக் குடும்பம் இருக்கிறது. ஆனாலும் ஒன்று சேர்ந்து பழையபடி பிரம்மச்சாரிகளாக இருக்க, மறுபடி ஹரிஹர் நகருக்கே வருகிறார்கள்!